பெட்டியைத் திறந்து பார்ப்போம்

நோன்பு மாதத்து மாலைப்பொழுது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கஞ்சிக் கோப்பைகளும் பேரீச்சம்பழமும் பாயின்மீது பரப்பப்பட்டிருக்கின்றன. வீட்டின் ஒரு மூலையில் வானொலிப் பெட்டி முஸ்லிம் சேவை நிகழ்ச்சியை ஒலித்துக்கொண்டிருக்கின்றது. ஆயினும் பெட்டியில் கொழும்பு நேரத்துப் பாங்கு எழுவதற்கு முன்னரே, ஊர்ப் பள்ளிவாசலின் பாங்கைக் கேட்டு எல்லோரும் நோன்பு திறந்துவிடுகின்றனர். காரணம் யாவரும் அறிந்ததே. கல்முனை கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ இரண்டு பாகை தள்ளி இருக்கின்றது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாக, சூரியன் இங்கே ஏறத்தாழ 8 நிமிடம் முந்தி மறைகின்றான். பெட்டி சொல்வதை மட்டும் நம்பி, அதன் காரணத்தை அறியாது இருப்பவன் எட்டு நிமிடம் பிந்திவிடுவான்.

நேயர்களே, இச்சிறு செய்தியிலே பெரியதோர் உண்மை அடங்கியிருக்கின்றது. கருவியைப் பயன்படுத்துவது ஒன்று; கருவியை அறிந்து பயன்படுத்துவது மற்றொன்று. அறிந்து பயன்படுத்த விரும்புவோர் அதனைத் திறந்து பார்க்கின்றனர். கழற்றுகின்றனர், பூட்டுகின்றனர், சில வேளைகளில் பூட்ட முடியாமல் திண்டாடுகின்றனர். அலுவலகப் பணி முடிந்த பின்னர், எவரும் கேளாமலும் கூலி எதிர்பாராமலும், தம் வீட்டு மேசையிலே பொறியியலாளர்கள் செய்கின்ற இக்கழற்றிப் பூட்டும் வேலையைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகின்றேன். இதனை வீண் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இவ்வானொலியே அத்தகைய வேலையிலிருந்து பிறந்ததுதான் என்பதை அவர்கள் அறியார் போலும்.

1921-ஆம் ஆண்டில் எட்வேட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர் இலங்கைத் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். தந்திக் கம்பிகளைப் பேணுவதே அவருடைய கடமை. ஆனால் ஐரோப்பாவிலே கம்பியின்றி இசையையும் பேச்சையும் பரப்பும் முயற்சி அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஹார்ப்பருக்கு அம்முயற்சியில் பேரார்வம். அவர்தம் திணைக்களப் பொறியியலாளர்கள் ஓர் ஒலிபரப்புக் கருவியைத் தாமே ஆக்கினர். அதற்கு வேண்டிய பாகங்கள் எங்கிருந்து கிடைத்தன என்பதுதான் வியப்புக்குரியது. முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கம்பியில்லாத் தந்திக் கருவியே பிரிக்கப்பட்டு, வேறு வகையாகப் பூட்டப்பட்டது. 1923-ஆம் ஆண்டில், மத்திய தந்தி நிலையத்தின் சிறியதோர் அறையிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகள் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பப்பட்டன. கப்பல்களைக் கடலில் ஆழ்த்துவதற்காகச் செய்திகளை அனுப்பிய கருவி, கொழும்பிலே பாட்டிசைக்கத் தொடங்கியது.

ஹார்ப்பர் தனித்து நின்று இதனைச் செய்துவிடவில்லை. ஆர்வமுள்ள ஆங்கிலேயரையும் இலங்கையரையும் ஒன்றுசேர்த்து வானொலிக் கழகம் ஒன்றை அமைத்தார். கழகத்தினர் கேட்டனர், குறை சொன்னர், தத்தம் வீட்டிலே ஏற்பிகளை ஆக்கிப் பார்த்தனர். 1925-ஆம் ஆண்டு டிசெம்பர் 16-ஆம் நாள் ஒழுங்கான ஒலிபரப்புச் சேவை கொழும்பிலே தொடங்கிற்று. அதுவே பின்னர், 1949-இல் 'றேடியோ சிலோன்' ஆகவும், 1967-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகவும் வளர்ந்தது. பழைய பாகங்களைக் குப்பையென்று தள்ளாமல், 'இதனை வைத்து வேறு என்ன செய்யலாம்?' என்று ஒரு சிலர் கேட்ட கேள்வியே இத்துணை பெரிய நிலையத்துக்கு வித்தாயிற்று.

இனி, அப்பெட்டிக்குள் நடப்பது யாது என்று சற்றுப் பார்ப்போம். மிக எளிய ஏற்பி படிகப் பெட்டியாகும். அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை; மின்கலமும் வேண்டியதில்லை. நீண்டதொரு வான்கம்பி, நிலத்திற் புதைத்த ஒரு கம்பி, ஒரு சுருள், ஓர் ஒடுக்கி, ஒரு படிகம், காதிற் பொருத்தும் கேட்புக் கருவி ஆகிய இவையே அதன் உறுப்புகள். ஒடுக்கி என்பது கடைக்காரர் கண்டென்சர் என்று சொல்லும் பொருளாகும்.

ஒலிபரப்பு நிலையத்தின் அலைகள் வான்கம்பியைத் தாக்கும்போது அதில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கின்றது. ஆனால் ஒரு நிலையத்தின் அலை மட்டுமா வந்து தாக்குகின்றது? எத்தனையோ நிலையங்களின் அலைகள் ஒருங்கே வந்து சேருகின்றன. அவற்றுள் வேண்டியதைப் பிரித்தெடுப்பது சுருளும் ஒடுக்கியும் சேர்ந்து செய்யும் வேலை. முற்றத்து மரத்திலே கட்டிய ஊஞ்சலை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கென்று இயல்பான ஓர் ஆட்டக் கணக்கு உண்டு. அக்கணக்கோடு ஒத்துத் தள்ளினால், சிறு பிள்ளையின் கையும் அதனை உயர ஆட்டிவிடும். கணக்குத் தவறித் தள்ளினால், பலசாலியின் தள்ளுதலும் வீணாகும். சுருளும் ஒடுக்கியும் மின்னோட்டத்துக்கு அமைத்த ஊஞ்சல் எனலாம். பள்ளிப் புத்தகங்கள் மீடிறன் என்று கூறும் அலைக்கணக்கு ஊஞ்சலின் கணக்கோடு ஒத்துவரும் நிலையம் மட்டும் உரக்க எழுகின்றது, மற்றவை அடங்கிவிடுகின்றன. ஒடுக்கியின் கொள்ளளவை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால், ஏற்கப்படும் மீடிறன் இரண்டு மடங்காகும். நீங்கள் பெட்டியின் குமிழைத் திருப்பும்போது நிகழ்ந்த காரியம் இதுவேயாகும்.

அடுத்து வருவது படிகம். அலை முன்னும் பின்னும் அதிவேகமாக அசைவது. காதுக் கருவி அவ்வேகத்தைத் தொடர இயலாது. கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தின்மீது மெல்லிய கம்பியின் நுனியை மெதுவாக ஊன்றினால், மின்னோட்டம் ஒரு திசையில் மட்டும் எளிதாகச் செல்கின்றது. அதனால் அலையின் ஒரு பாதி தடுக்கப்பட்டு, அதன்மேல் ஏற்றிவைத்த குரல் காதுக்கு எட்டுகின்றது. படிகம் கிடையாத இடத்திலும் மனிதன் சோர்ந்துவிடவில்லை. 1944-ஆம் ஆண்டில் இத்தாலியின் அன்சியோக் கடற்கரையில் பதுங்குகுழிகளிற் கிடந்த அமெரிக்கப் போர்வீரர், சவர அலகையும் பென்சிற் கரியையும் கொண்டு அவ்வேலையைச் செய்து, வானொலி கேட்டனர். எப்பொருளுக்கும் அதன் பெயர் சொல்லும் பயன் ஒன்று மட்டும் அன்று என்பதற்கு இதனைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுமோ?

நான் முதன்முதலாகச் செய்த ஏற்பி ஓர் இரவு முழுவதும் ஊமையாகவே இருந்தது. சுருளை மறுபடி சுற்றினேன், வான்கம்பியை உயர்த்தினேன், பயனில்லை. மறுநாட் காலையிலேதான் காரணம் விளங்கியது. சுருள் சுற்றும் செப்புக் கம்பியின் மேலே கண்ணுக்குத் தெரியாத மெருகுப் பூச்சு ஒன்று உண்டு. மின்சாரம் அதனை ஊடுருவாது. கம்பியின் இரு நுனிகளிலும் அப்பூச்சைச் சுரண்டாமலே முறுக்கியிருந்தேன். சுரண்டி இணைத்ததும் குரல் கேட்டது. பல்கலைக்கழகத்திலே மின்னியல் கற்றுத் தேறிய எனக்கு, ஒரு விரற்கடை நீளக் கம்பியே அடக்கத்தைக் கற்பித்தது. ஏட்டிலே கம்பிகள் எப்போதும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. மேசையிலே அவற்றை நாம்தான் தொடச் செய்யவேண்டும்.

இதுவரை கைக்கு அகப்படும் பொருள்களைப் பற்றியே பேசினோம். பொறியியலார் இவற்றை வன்பொருள் என்பர். கைக்கு அகப்படாத மென்பொருள் என்பதும் ஒன்று உண்டு. அது யாதென்று விளங்கிக்கொள்ளக் கல்முனை நேயர்கள் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. வடக்கே அண்டையிலிருக்கும் மருதமுனைக்குச் சென்று, நெசவாளர் தறியைச் சற்று நேரம் பார்த்தாற் போதுமானது. தறி மரத்தாலும் கயிற்றாலும் ஆனது. பாவு நூல்கள் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. எந்த மிதிகட்டையை எப்போது மிதிப்பது, எந்த நிறத்து ஊடைநூலை எப்போது விடுவது என்னும் ஒழுங்கை நெசவாளர் மனத்திலே வைத்திருக்கின்றார். அவ்வொழுங்கை மாற்றினால் துணியின் கோலமும் மாறுகின்றது, தறி மாறுவதில்லை. தறி வன்பொருள், ஒழுங்கு மென்பொருள்.

பிரான்சு நாட்டு ஜக்கார் என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் அவ்வொழுங்கை மனத்திலிருந்து எடுத்துத் துளையிட்ட அட்டைகளில் ஏற்றிவைத்தார். அட்டையிலே துளை உள்ள இடத்தில் ஊசி உட்புகும். இல்லாத இடத்தில் நின்றுவிடும். அதற்கேற்ப நூல்கள் உயரும் அல்லது தாழும். அட்டைமாலையைக் கழற்றி வேறொன்றை மாட்டினால், அதே தறி வேறு பூ வேலையை நெய்து கொடுக்கும். இவ்வெண்ணத்தை இங்கிலாந்திலே சார்ல்ஸ் பாபேஜ் தமது கணிப்பொறித் திட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். ஒரு பொறியைப் பல பொறிகளாக்கும் வித்தை நெசவுத் தறியிலிருந்து கணினிக்குச் சென்றது என்பதை மருதமுனை மக்கள் பெருமையுடன் நினைத்துக்கொள்ளலாம்.

இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த கதை ஒன்றை இனிச் சொல்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், கணினியிலே தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று பெருவிரல் அளவேயான மலிவான சிறுகருவி ஒன்று ஐரோப்பியக் கடைகளில் விற்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டு நிரலாளர் அன்ட்டி பாலோசாரி அதனை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு புதுமையைக் கண்டார். அக்கருவியிலுள்ள சில்லு, சாதாரண பண்பலை வானொலியைக் கேட்பிப்பதற்காக, தான் பிடித்த அலையை அப்படியே எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவ்வெண்கள் கையில் கிடைத்துவிட்டால், தொலைக்காட்சி மட்டும் என்ன, வேறெதனையும் கேட்கலாமே என்று ஆர்வலர் பலர் கூடி அதற்கு வேண்டிய நிரல்களை எழுதினர். எழுதியவற்றை யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்டனர். தொலைக்காட்சிக்காகச் செய்த பொம்மை, பலவகை அலைகளைக் கேட்கும் ஏற்பியாயிற்று. நீர்மூழ்கிக் கருவியைப் பாட்டிசைக்கச் செய்த ஹார்ப்பரின் கைவேலைக்கும் இதற்கும் உள்ள உறவை நான் விரித்துரைக்கவேண்டியதில்லை.

அது தொழிற்படும் முறை இது. வான்கம்பியிற் பிடித்த அலையைக் கருவி முதலில் தாழ்ந்த மீடிறனுக்கு இறக்குகின்றது. பின்னர் ஒரு விநாடிக்கு 20 இலட்சம் தடவைக்கும் மேலாக அதன் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகக் கொடுக்கின்றது. அதற்குப் பிறகு ஊஞ்சல் வேலையைச் செய்வது செப்புச் சுருள் அன்று, கணக்கு. கூட்டலாலும் பெருக்கலாலும் கணினி வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுக்கின்றது. படிகத்தின் வேலையையும் கணக்காலேயே முடித்துவிடுகின்றது. நிரலை மாற்றினால், நேற்றுப் பாட்டுக் கேட்ட கருவி இன்று வானூர்திகள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹேர்ட்ஸ் செய்திகளைப் படிக்கும். அட்டைமாலையை மாற்றி வேறு பூ நெய்வது போன்றதே இதுவும்.

பல ஆண்டுகளாக ஆர்வலர்கள், அமெரிக்காவின் நோவா வானிலை விண்கோள்கள் 137 மெகாஹேர்ட்ஸ் அளவில் அனுப்பிய முகிற்படங்களை இத்தகைய சிறுகருவியாலும் இரண்டு அலுமினியக் குழாய்களாலும் தம் வீட்டுக் கூரையிலிருந்தே பிடித்து வந்தனர். வங்காள விரிகுடாவின்மேல் முகில்கள் சுருண்டு திரள்வதை, நம் கிழக்குக் கரையில் ஒருவர் தம் மேசையிலே நேரிற் காணமுடிந்தது. அவ்விண்கோள்களின் சேவை 2025-ஆம் ஆண்டில் முடிவுற்றது. விசையை அழுத்த மட்டும் கற்றவர்களுக்கு அத்துடன் காட்சி முடிந்தது. உள்ளே நடப்பதை அறிந்தவர்களோ நிரலை மாற்றி, வேறு விண்கோள்களின் குறிகளைப் படிக்கத் தலைப்பட்டனர்.

'இவையெல்லாம் நன்று, ஆயினும் இவற்றால் ஊருக்கு ஆவதென்ன?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அம்பாறைக் கரையில் வாழும் எவரிடத்தும் அக்கேள்வி 2004-ஆம் ஆண்டு டிசெம்பர் 26-ஆம் நாளையே நினைவுறுத்தும். அன்று காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியிலே நிலம் பிளந்தது. அலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. இரண்டு மணி நேரம்! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முதியவரைக் கைப்பிடித்து, வயல்வெளி தாண்டி மேற்கே நடந்து செல்லப் போதுமான நேரம் அது. ஆனால் எச்சரிக்கை வரவில்லை. ஒரு மீடிறனிலும் வரவில்லை. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வளவுகள் அழிந்தன. இந்த மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிர்களை இழக்கவில்லை.

கழற்றிப் பூட்டும் ஆர்வலர் ஒருவர் நம் ஊரில் இருந்திருப்பின் அவர்களைக் காப்பாற்றியிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன், அது உண்மையாகாது. எச்சரிக்கையைப் பெட்டி மட்டும் கொடுத்துவிடாது. நிலநடுக்கத்தை அளக்கும் நிலையங்களும், கடலடி அழுத்தத்தை அளக்கும் மிதவைகளும், பொறுப்பேற்கும் அலுவலகமும், சொன்னதும் எழுந்து நடக்கும் மக்களும் சேர்ந்தாலன்றி அது எச்சரிக்கை ஆகாது. அன்று இந்துமாக்கடலுக்கு அத்தகைய அமைப்பு இருக்கவில்லை. பின்னரே அது அமைக்கப்பட்டது. இலங்கையிலும் 2005-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே அனர்த்த முகாமைத்துவத்துக்கு ஒழுங்குகள் செய்யப்பட்டன. 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் சுமாத்திராவுக்கப்பால் மறுபடியும் பெருநடுக்கம் உண்டாயிற்று. அப்போது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உள்நாடு நோக்கிச் சென்றனர். பேரலை வரவில்லை; ஆனால் எச்சரிக்கை வந்தது.

எனினும் ஆர்வலரின் வேலைக்கு உரிய இடமும் ஒன்று உண்டு. அதே 2004-இல் தென்கரையிலுள்ள அம்பாந்தோட்டையில் தொலைபேசித் தொடர்புகள் அறுந்துபோயிருந்தபோது, தம் செலவிலும் தம் ஆர்வத்திலும் வானொலிக் கருவிகளை ஆக்கிப் பழகியிருந்த இலங்கை அமெச்சூர் வானொலியாளர் சிலர், மோட்டார்வண்டி மின்கலங்களைக்கொண்டு அவ்வூரைத் தலைநகருடன் இணைத்தனர். கோபுரம் வீழ்ந்தபோது கம்பி தூக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். 1978-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளியைக் கண்ட நம் முதியோர், மின்சாரம் அறுந்த இருளில் மின்கலத்தால் இயங்கும் ஒரு பெட்டியின் மதிப்பு எத்துணை என்பதை நன்கறிவர். பெட்டி பழுதானால் அதைத் திருத்துவாரும் ஊரிலேயே இருத்தல் வேண்டும். புயலுக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க இயலாது.

இவ்வேலையைத் தொடங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். முதலாவது, கேட்பது வேறு, ஒலிபரப்புவது வேறு. அலையை அனுப்பும் கருவியை இயக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். அனுமதியின்றி அனுப்பும் அலை, ஆபத்தில் இருப்பவரின் குரலை மறைத்துவிடக் கூடும். இரண்டாவது, வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எதனையும் தொடக்கத்திற் கழற்றாதீர்கள். விசையை நிறுத்திய பின்னும் ஒடுக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும், உயிரையும் குடிக்கும். மின்கலத்தில் இயங்குவதிலிருந்தே தொடங்குங்கள். மூன்றாவது, வான்கம்பியை மின்கம்பிகளுக்கு அருகே கட்டாதீர்கள். இடி முழங்கும்போது அதனைத் தொடாதீர்கள். நான்காவது, நம் கரைக்கே உரியது: கடற்காற்றின் உப்பு செப்பைப் பச்சையாக்கி, பற்றாசு வைத்த இணைப்புகளை மெல்ல மெல்ல அரித்துவிடும். கொழும்பிலே நெடுங்காலம் உழைக்கும் இணைப்பு கல்முனைக் கடலோரத்தில் அதற்கு முன்னரே பழுதாகக்கூடும். ஆகவே இணைப்புகளைத் துடைத்து மெழுகோ வாணிசோ பூசி வையுங்கள். பழுதான பெட்டி கிடைத்தால் முதலில் இணைப்புகளையே பாருங்கள்.

ஐந்தாவதாக, ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நேர்ந்தது, எங்கே தவறினீர்கள் என்பவற்றை நாளும் நேரமும் இட்டு எழுதுங்கள். வெற்றியை எழுத யாவரும் விரும்புவர். தோல்வியை எழுதுபவரே அடுத்தவருக்கு உதவுகின்றார். சுரண்டாத கம்பியைப் பற்றி எவரேனும் எழுதிவைத்திருந்தால், என் ஓர் இரவு வீணாகியிராது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பழைய பெட்டியைக் கழற்றிப் பரப்பிவைத்திருக்கும்போது, பாழாக்கிவிட்டாய் என்று சினந்துகொள்ளாதீர்கள். மகன் கழற்றும்போது புன்னகைத்து, மகள் கழற்றும்போது தடுப்பதும் வேண்டாம். தறியின் ஒழுங்கை மனத்திலே வைத்து ஆளும் பெண்கள் நிறைந்த கரை இது. நிரலின் ஒழுங்கு அவர்களுக்கு எட்டாததன்று. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: 'இதனை மறுபடி பூட்டுவாயா?' பூட்டுவேன் என்று பிள்ளை சொன்னால், ஒரு கிழமை தவணை கொடுங்கள்.

நேயர்களே, இப்பேச்சு முடிந்ததும் உங்கள் பெட்டியை நிறுத்துவீர்கள். நிறுத்துவதற்கு முன் ஒரு கணம் அதனை உற்றுப் பாருங்கள். அதனுள்ளே ஓர் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கின்றது. அதனை ஆட்டுவது தொலைவிலுள்ள ஒரு நிலையத்தின் அலை. அவ்வூஞ்சலின் கணக்கை அறிந்த ஒருவராவது உங்கள் தெருவில் இருக்கின்றாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், அந்த ஒருவர் உங்கள் வீட்டிலிருந்தே எழலாம் அன்றோ?